முழங்காலுக்கு மேலே நாலு விரல்

அவனுடைய வலது தொடையை நாடாவால் சுற்றி அளந்தேன். இடது தொடையைவிட இரண்டரை அங்குலம் மெலிந்திருந்தது. நோயாளியின் விபரம் எழுதுகிற ரிக்கற்றில் அந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நோயாளியின் கால் சூம்பிப்போனதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டேன். இத்தனை வருடம் கழித்து அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

"என்ன மிஸ்ஸி, மோசமோ?" என்று கேட்டான்.

"மூண்டு மாதம் அசையாமல் படுத்தால் தொடை இப்பிடித்தான் போகும்."

"திரும்பி வருமோ?"

"வரப்பண்ணலாம். ஆனால் நோகும்."

"நோகட்டும், நடந்தால் காணும்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றோராம் ஆண்டு அது. எனக்கு இருபத்து மூன்று வயது. அடிபட்டவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற பகுதியில் உதவியாளராக இருந்தேன். அவன் சைக்கிளில் போகும்போது ட்ரக்டர் பெட்டி ஒன்று இடித்துத் தொடை எலும்பு முறிந்திருந்தது. காலில் பாரம் கட்டித் தூக்கிவைத்து, மூன்று மாதம் கட்டிலில் கிடந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தான். எலும்பு பொருந்திவிட்டது. தசைதான் போய்விட்டது. முழங்காலும் இறுகி, கால் பலகைபோல நீட்டியபடி நின்றது.

ரிக்கற்றில் பெயரைப் பார்க்கும் முன்பே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

எண்பத்து நாலில் எனக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தார். அக்காவுக்கு இருபத்து நாலு. அவளுக்கு மூன்று வயதில் போலியோக் காய்ச்சல் வந்து வலது தொடையின் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நடக்கும்போது, வலது காலை ஊன்றுகிற ஒவ்வொரு முறையும், வலது கையால் தொடையை அமத்திக்கொள்வாள். அமத்தாவிட்டால் முழங்கால் மடிந்து ஆளை விழுத்திவிடும். அப்படியே கோயிலுக்குப் போவாள், பஸ் ஏறுவாள், தையல் வகுப்புக்குப் போவாள். எங்கள் ஒழுங்கையில் அதை யாரும் ஒரு விஷயமாகப் பார்த்ததில்லை.

கலியாணத் தரகர் காலைப் பற்றி முன்பே சொல்லித்தான் அவர்களைக் கூட்டிவந்தார். அவன், அவனுடைய தாய், மாமன் என்று மூன்று பேர். அவன் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கர். வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, பயத்தம் பணியாரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னான்:

"கால் எண்டு சொன்னவை. ஒருக்கா நடந்து காட்டச் சொல்லுங்கோ."

பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அக்கா விறாந்தையிலிருந்து கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அவன் பணியாரத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். "போய்ச் சொல்லி அனுப்பிறம்," என்று தாய் சொன்னார். அவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். பொம்பிளை பார்க்க வந்து வேண்டாம் என்று போனவர்கள் எத்தனையோ பேர். அடுத்த கிழமை ரியூசன் முடிந்து வரும்போது, சந்தியில் சைக்கிள் கடைக்கு முன்னால் காற்றடிக்க நின்றேன். அங்கே அவனும் நாலைந்து கூட்டாளிகளும் நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெட்டையை அவன் கவனிக்கவில்லை. தன் தொடையில் கையை வைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, ரோட்டைக் கடந்து போய்த் திரும்பி வந்தான். "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ," என்று பெண்குரலில் வேறு சொன்னான். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரரும் பம்பைப் பிடித்தபடி சிரித்தார். நான் அரைவாசி காற்றோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டு கிழமைக்குள் அந்த நடை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. தேருக்குப் போய் வரும்போது நாலு சின்னப் பிள்ளைகள் அக்காவுக்குப் பின்னால் தொடையில் கை வைத்து வரிசையாக நடந்தார்கள். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வீடு வரைக்கும் திரும்பவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. தையல் வகுப்பு நின்றது, கோயில் நின்றது. வீட்டிலிருந்தே கை மெஷினைச் சுழற்றிச் சட்டை தைத்துக் கொடுத்தாள். ஏழு வருடம்.

அவனை ஒருநாள் பார்த்துக்கொள்வேன் என்று நான் சொல்லிக்கொண்டேன். பதினாறு வயதில் எல்லோரும் ஏதோ சபதம் எடுப்பார்கள். என்னுடையது கரையாமல் கிடந்தது.

உயர்தரத்தில் நான் உயிரியல் படித்ததற்குக் காரணம் அதுதான். டொக்டராக வேண்டும் என்று அப்பா ஊருக்குச் சொன்னார். எனக்கோ அக்காவின் தொடைக்குள் என்ன நடந்தது என்று அறிய வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு நல்ல நுணுக்குக்காட்டிதான் இருந்தது. மூன்று கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து எங்களை வரிசையில் பார்க்க விட்டார்கள். முதலாவது வன்கூட்டுத்தசை. எலும்போடு ஒட்டி நின்று அதை இழுக்கிற தசை. நீண்ட நார்கள், நாருக்குக் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக நெருக்கமான வரிகள். கயிற்றைப் பிரித்தால் புரி, புரியைப் பிரித்தால் தும்பு வருகிற மாதிரி, தசைக்குள் கட்டு, கட்டுக்குள் நார், நாருக்குள் இன்னும் மெல்லிய இழை. அந்த இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் புகுந்தால் தசை சுருங்கும். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நாங்கள் விரும்பினால் வேலை செய்வது இந்த ஒரு தசைதான்.

இரண்டாவது மழமழப்பான தசை. வரி கிடையாது. நடுவில் தடித்து இரண்டு முனையும் கூர்ந்த சின்னச் சின்னக் கலங்கள். குடலிலும் இரத்தக் குழாயிலும் இருக்கும். எங்கள் சொல்லைக் கேட்காது. மூன்றாவது இதயத்தசை. அதற்கு வரியும் உண்டு, கிளையும் உண்டு. கலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். பிறக்கும் முன் தொடங்கிய வேலையைச் சாகும் வரைக்கும் விடாது. அதுவும் சொல் கேட்காது.

நான் முதலாவது தகட்டிலிருந்து கண்ணை எடுக்க நேரமாகியதால் பின்னால் நின்றவள் இடித்தாள். அக்காவின் தசையில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்பதை அந்த வருடம்தான் படித்தேன். முள்ளந்தண்டுக்குள் இருந்து அந்தத் தசைக்குக் கட்டளை கொண்டுவருகிற நரம்புக் கலங்களைத்தான் போலியோ தின்றிருந்தது. கட்டளை வராத தசை காத்துக் காத்து மெலிந்து, கடைசியில் கொழுப்பாகவும் வெறும் நாராகவும் மாறிவிடும். பயிற்சி செய்து மீட்க முடியாது. படுக்கையில் கிடந்து மெலிகிற தசை வேறு. அதற்கு நரம்பு இருக்கிறது. நார் மெலிந்தாலும் சாகவில்லை. வேலை கொடுத்தால் மறுபடி பருக்கும். இந்த வித்தியாசத்தைப் படித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மெஷினுக்கு முன்னால் இருந்த அக்காவைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்த நோய்க்கு அவன் காரணமில்லை என்று தெரிந்தும் வந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அந்த நேரம் ஆஸ்பத்திரியில் சண்டையில் கை கால் போனவர்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். சிகிச்சைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் பெரிய மிஸ்ஸி என்போம். குள்ளமான, உரத்த குரல்காரி. தனியாகச் சமாளிக்க முடியாமல், உயிரியல் படித்த நாலு பெட்டைகளைச் சேர்த்துப் பழக்கினார். அதில் நானும் ஒருத்தி. கரண்ட் இல்லாததால் மின்சாரக் கருவிகள் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தன. எங்களுக்கு இருந்தவை கை, சுடுநீர், மண்பை. கோதுமை மாச் சாக்கில் பை தைத்து, உள்ளே மண் நிரப்பி, கணுக்காலில் கட்டித் தூக்க வைப்போம். அந்தப் பைகளை அக்காதான் தைத்துத் தந்தாள். அவள் வராத இடத்துக்கு அவளுடைய தையல் வந்தது.

அவனைத் தள்ளுவண்டிலில் கொண்டுவந்து இறக்கிய அன்றே நாடாவை எடுத்துத் தொடையை அளந்தேன். மற்ற ஆண் நோயாளிகளை எல்லாம் அண்ணை, ஐயா என்று கூப்பிடுவேன். அவனை ஒரு நாளும் அண்ணை என்று கூப்பிடவில்லை. "நீங்கள்" என்பதோடு நிறுத்தினேன்.

பழிவாங்குவதற்கு இரண்டு வழி எனக்குத் தெரிந்தது. ஒன்று, ஒன்றும் செய்யாமல் விடுவது. அசைக்காத தசை கட்டையாகும், அசைக்காத மூட்டு ஒட்டும். இன்னும் இரண்டு மாதம் சும்மா விட்டால் அந்த முழங்கால் ஆயுசுக்கும் மடியாது. யாரும் என்னைக் கேட்கவும் மாட்டார்கள், அவ்வளவு கூட்டம். அளந்துவிட்டு முதல் மூன்று நாள் அப்படித்தான் விட்டேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தால் போவேன், "நேரமில்லை" என்பேன்.

நாலாம் நாள் பெரிய மிஸ்ஸி ரிக்கற்றைப் புரட்டிவிட்டுக் கத்தினார். "பதினோராம் கட்டிலுக்கு ஏன் ஒண்டும் செய்யேல்லை? எப்ப அந்த முழங்காலை மடிக்கப்போறாய்? அவனுக்கு அறுபது வயது வந்த பிறகோ?"

அப்போதுதான் இரண்டாவது வழியைப் பிடித்தேன். சிகிச்சை என்ற பெயரிலேயே அவனை நோகடிக்கலாம். அதற்கு அனுமதி இருந்தது. பாராட்டும் இருந்தது.

காலையில் முதல் ஆளாக அவனைத்தான் எடுப்பேன். சுடுநீரில் துணி பிழிந்து தொடைக்குப் போட்டு, "முழங்கால் சில்லை மேலை இழுங்கோ. தொடையை இறுக்குங்கோ. பத்து எண்ணும் மட்டும் விடாதேங்கோ," என்பேன். முதல் கிழமை அவன் எவ்வளவு முக்கியும் தோலுக்குக் கீழே ஒரு துடிப்பு மட்டும்தான் வந்தது. நான் பத்தை மெதுவாக எண்ணுவேன். ஏழில் நின்று வேறு யாருடனாவது கதைத்துவிட்டு எட்டுக்கு வருவேன். பிறகு கட்டில் விளிம்பில் இருத்தி, காலைத் தொங்கவிட்டு, கணுக்காலைப் பிடித்து முழங்காலை மடிப்பேன். ஒட்டியிருந்தது விடும்போது வருகிற நோ எப்படிப்பட்டது என்று படித்திருந்தேன். அதை அவனுடைய முகத்தில் பார்த்தேன். "ஐயோ அம்மா! மிஸ்ஸி, காணும்! விடுங்கோ!" என்று கத்துவான்.

"நடக்க வேணும் எண்டனீங்கள்," என்று இன்னும் கொஞ்சம் அமத்துவேன்.

ஒரு நாள் அவன் அழுதுவிட்டான். முப்பத்தாறு வயது ஆண், இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு மத்தியானம் நான் சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன்.

ஆனால் அவன் குணமாகிக்கொண்டு வந்தான். எனக்கு அது பிந்தித்தான் உறைத்தது. மூன்றாம் கிழமை தொடையை மறுபடி அளந்தேன். அரை அங்குலம் கூடியிருந்தது. முழங்கால் செங்கோணத்துக்குக் கிட்ட மடிந்தது. எங்கள் பகுதியில் வேறு எந்தக் காலும் அவ்வளவு கெதியாக வரவில்லை. இரக்கப்பட்டு நான் விட்டுக்கொடுத்த கால்கள் எல்லாம் பின்தங்கி நின்றன. நான் வெறுத்த கால் முன்னுக்குப் போனது. பெரிய மிஸ்ஸி மற்றப் பெட்டைகளைக் கூப்பிட்டு, "இவளைப் பாருங்கோ, இப்பிடித்தான் செய்விக்க வேணும்," என்று காட்டினார். பின்னேரங்களில் சாப்பாட்டுக் கரியரோடு சைக்கிளில் வருகிற அவனுடைய மனைவி ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நான் வாற நேரமெல்லாம் இவருக்கு உங்கடை கதைதான். கடவுள் மாதிரி எண்டு சொல்லுறார்," என்றாள். அவன் கட்டிலில் இருந்தபடி கும்பிட்டான். முருங்கைக்காயை வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டேன்.

அவன் யாரிடம் அடி வாங்குகிறான் என்று அவனுக்குத் தெரியாமலே போகப்போகிறது என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் காலை, முழங்காலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியேல்லையோ?"

"மிஸ்ஸியைத் தெரியாதோ?"

"இஞ்சை இல்லை. ஏழு வரியத்துக்கு முந்தி நீங்கள் எங்கடை வீட்டை வந்தனீங்கள். என்ரை அக்காவைப் பாக்க."

இடத்தைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அந்த நேரம் கன இடத்துக்குப் போனனாங்கள் மிஸ்ஸி. அம்மாவுக்கு ஒண்டும் பிடிக்கேல்லை."

"கால் ஏலாத பிள்ளை. நீங்கள் நடந்து காட்டச் சொன்னனீங்கள்."

மறுபடி யோசித்தான். முகம் மலர்ந்தது. "வாசல்லை ஒரு பெரிய மாமரம் நிண்டது என்ன? ஓம் ஓம். அங்கை நல்ல பயத்தம் பணியாரம் தந்தவை. அக்கா இப்ப எங்கை? கலியாணம் முடிச்சிட்டாவோ?"

கேட்ட குரலில் ஒரு கள்ளமும் இல்லை. சந்தியில் நடந்து காட்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். நாக்கும் வன்கூட்டுத்தசைதான், சொன்னபடி கேட்க வேண்டியது. கேட்கவில்லை. என் அக்காவின் ஏழு வருடத்தில் அவனுக்கு மிஞ்சியது ஒரு பணியாரத்தின் ருசி. நான் முழங்காலை அமத்தினேன். அவன் போட்ட சத்தத்துக்கு அடுத்த நோயாளர் வாட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா மண்பை ஒன்றுக்கு வாய் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உந்தப் பையெல்லாம் ஆரின்ரை காலிலை கட்டுறன் எண்டு தெரியுமோ உனக்கு?" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் கடையையும் முதல்முறையாகச் சொன்னேன். அவள் மெஷினின் பிடியில் கை வைத்தபடி கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"நீ பாத்தனியோ? உன்ரை கண்ணாலை?"

"ஓம்."

"ஏழு வரியம் எனக்குச் சொல்லேல்லை."

"எப்பிடிச் சொல்லுறது?"

பையின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்: "கையை எங்கை வைச்சவன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்து நின்று, அவன் செய்தமாதிரி இடுப்புக்குக் கீழே தொடையின் மேற்பக்கத்தில் கையை வைத்துக் காட்டினேன்.

"விசரன்," என்றாள். "அங்கை அமத்தினால் நான் விழுந்திடுவன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்கு என்னை ஏத்திக்கொண்டு போ."

மறுநாள் கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா என் சைக்கிள் கரியரில் ஏறினாள். அம்மா படலையைப் பிடித்தபடி நின்றார், எங்கே என்று கேட்கவில்லை. ஒழுங்கையில் எல்லோரும் பார்த்தார்கள். அக்கா நேரே என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளுடைய மூச்சு என் சட்டையில் பட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் அவன் நடை பழகுகிற இரும்புக் குழாய்ப் பிடிகளை விட்டு வெளியே நடக்கத் தொடங்கியிருந்தான். தொடை இன்னும் முழுப்பாரத்தைத் தாங்காது. அதனால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வலது காலை ஊன்றும்போது வலது கையால் தொடையைப் பிடித்துக்கொண்டான். நாலு நாளாக அதைப் பார்த்துப் பார்த்து நான் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே நடந்து போய்ச் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தாள். அவன் அவளுடைய நடையைப் பார்த்துவிட்டு, "ஆர் மிஸ்ஸி, புது ஆளோ?" என்றான்.

"இல்லை, நான் பாக்க வந்தனான்," என்றாள் அக்கா. "ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

அவனுக்குப் பெருமை. தொடையில் கை வைத்து, சீமெந்துத் தரையில் நல்லாகத்தான் நடந்தான். பாதி வழியில் அக்கா சொன்னாள்:

"கையை எடுத்துப்போட்டு நடவுங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். எடுக்கலாமா என்று என்னைத்தான் கேட்டான். இன்னும் இரண்டு கிழமைக்கு எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

"எடுங்கோ," என்றேன்.

எடுத்தான். இரண்டாவது அடியில் முழங்கால் மடிந்தது. நான் ஒரு கை எட்டும் தூரத்தில்தான் நின்றேன். பிடிக்கவில்லை. அவன் பக்கவாட்டில் விழுந்து, முழங்கையைத் தரையில் அடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடந்தான்.

அக்கா எழுந்தாள். சிரிக்கவில்லை. அவனுக்குக் கிட்டப் போய், எல்லோருக்கும் கேட்கிற குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அண்டைக்குச் சந்தியிலை நீங்கள் நடந்து காட்டினது பிழை. கையை மேலை வைச்சனீங்கள். மேலை வைச்சால் கை வைக்காத மாதிரித்தான், முழங்கால் நிக்காது, இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். இஞ்சை பாருங்கோ. முழங்காலுக்கு மேலை நாலு விரல். இதிலை அமத்த வேணும்."

தன் சேலைக்கு மேலால் இடத்தைக் காட்டி, கதவு வரைக்கும் நடந்து, திரும்பி வந்தாள். பத்துப் பன்னிரண்டு நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் என்ன விஷயம் என்று தெரியாது.

நான் அவனுடைய முகத்தை மட்டும் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உதடு வெளுத்தது, அதன் பின் காது வரைக்கும் கறுத்துச் சிவந்தது. இரத்தக் குழாயின் தசை மனிதனுடைய சொல்லைக் கேட்காது. ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு. அதைப் பார்க்கத்தான் நான் ஏழு வருடம் காத்திருந்தேன். பார்த்துவிட்டேன். போதுமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் போலத்தான் இருந்தது.

அவனைத் தூக்கி இருத்தியது பெரிய மிஸ்ஸி. வாசலில் நின்று பார்த்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்து நிச்சயப்படுத்திய பிறகு என்னைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன கதை?"

சொன்னேன்.

"விழ விட்டனி."

"பிடிக்க நேரம் கிடைக்கேல்லை மிஸ்ஸி."

"பொய் சொல்லாதை. உன்ரை கை பிடிக்கத்தான் போனது, நான் பாத்தனான். பாதியிலை நீ அதை மறிச்சுப்போட்டாய்."

உண்மைதான். கை தானாக நீண்டது. நான்தான் நிறுத்தினேன். தோள், முழங்கை, விரல் எல்லாம் சொன்ன சொல்லைக் கேட்கிற தசை. வேறு யார்மேலும் பழி போட முடியாது.

"எலும்பு திரும்ப முறிஞ்சிருந்தால் அந்தப் பொம்பிளைக்கு என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டார். முருங்கைக்காய் கொண்டுவந்தவளைத்தான் சொன்னார். அவனை வேறு பெட்டையிடம் கொடுத்துவிட்டு, என்னை ஒரு மாதம் மண்பை நிரப்புகிற வேலைக்கும் நிலம் கழுவுகிற வேலைக்கும் விட்டார். சரியான தண்டனை. அவனுக்குச் செய்ததற்காக அல்ல, அவனுடைய மனைவிக்குச் செய்யப் பார்த்ததற்காக அதை ஏற்றுக்கொண்டேன்.

அதே கதவுக்கு வெளியே அக்காவிடம் பெரிய மிஸ்ஸி கேட்டார்: "இந்தப் பையெல்லாம் தைக்கிறது நீரோ? தோல் தைக்க வருமோ? காலுக்குப் போடுற இரும்புக்குப் பட்டி தைக்க ஆளில்லை."

"ஊசி இருந்தால் தைப்பன்," என்றாள் அக்கா.

அடுத்த திங்களிலிருந்து அவளும் என்னோடு வேலைக்கு வந்தாள். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் வரைக்கும் எத்தனை பேருடைய காலுக்குப் பட்டி தைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அவன் இரண்டு மாதத்தில் ஊன்றி நடக்கிற பொல்லோடு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு ஒரு நாள் அவனுடைய மனைவி எங்கள் படலைக்கு வந்து நின்றாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவனே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

"அவர் வந்து அக்காவோடை ஒரு வார்த்தை கதைக்க வேணுமாம். வரலாமோ எண்டு கேட்டு வரச் சொன்னவர்," என்றாள்.

"வரட்டும்," என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பொல்லை விறாந்தைத் தூணில் சாய்த்துவிட்டு நின்றான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் கதிரை எடுத்துப் போடவில்லை. அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அறைவாசலில் தொங்கிய சீலைக்கு முன்னால் நின்று, அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"நான் செய்தது பெரிய பிழை. அண்டைக்கு அது எனக்கு ஒரு பகிடி. அதுக்குப் பிறகு இந்த வீட்டிலை என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. எனக்கும் இப்ப ஒரு மகள் இருக்கிறாள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தங்கச்சி."

உள்ளே மெஷின் நின்றது.

"கேட்டிட்டன்," என்றாள் அக்கா. "போயிட்டு வாங்கோ."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று நின்றான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. என்னைப் பார்த்தான், நான் படலையைப் பார்த்தேன். பொல்லை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் ஒழுங்கை திரும்பிய பிறகு நான் உள்ளே போய்க் கேட்டேன்: "அப்ப மன்னிச்சிட்டியோ?"

"கேட்டிட்டன் எண்டுதானே சொன்னனான்," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "அந்தக் கத்திரிக்கோலை எடு."